டிராக் இல்லாத பாட்டு

இதுவரை ஐந்து ஆல்பம் பாடியிருக்கிறேன். முதல் நான்கை நீங்கள் கேட்டிருந்தால் நல்லது. கேட்கவில்லை என்றால் அதைவிட நல்லது. ஐந்தாவதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதல் நான்கும் சேலத்தில் ஒரு கம்பெனிக்காகப் பாடியவை. மாதா பாட்டு, அந்தோணியார் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு, தவக்காலப் பாட்டு என்று வருசத்துக்கு ஒன்றாக வந்தன. பங்குத் திருவிழாவில் பூசை முடிந்ததும் ஃபாதர் கையால் வெளியிடுவார்கள், கைதட்டுவார்கள், நான் பட்டுச்சேலையில் நின்று சிரிப்பேன். வார்த்தையும் மெட்டும் என்னுடையவைதான். ஆனால் நான் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேருவதற்குள் மெட்டுக்கு வேறு சட்டை மாட்டிவிட்டிருப்பார்கள். கீபோர்டு, தபேலா, புல்லாங்குழல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் முன்னாலேயே செய்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் டிராக். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த டிராக்கின் மேலே பாட வேண்டும். பாடிவிட்டு வந்த பிறகு என் குரலைக் கம்ப்யூட்டரில் போட்டு, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்துவார்கள். நான்காவது ஆல்பத்தில் நன்றாகவே சமப்படுத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். அவர் பஸ்ஸில் அந்த ஆல்பத்துப் பாட்டு ஒன்று ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு பாட்டுக் கேட்டேன். ஆரு பாடுனதுன்னு தெரியல, நெம்ப நல்லா இருந்துச்சு" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். முதல் வரியைச் சொன்னார். நான் எழுதி, நான் மெட்டுப் போட்டு, நான் பாடிய பாட்டு. பதினெட்டு வருசம் கூடக் குடித்தனம் நடத்தியவருக்கு என் குரல் தெரியவில்லை. நாந்தான் பாடினேன் என்று சொன்னதற்கு, கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் தூக்கம் வராது. மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கம்பெனி முதலாளி மரியாதையானவர், டீ வரவழைத்தார். நான் டீயைத் தொடாமல் விசயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா. டிராக் இல்லாம உங்களால நாலு வரி சேந்தாப்புல பாட முடியாது. நாங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறதால நடக்குறீங்க" என்றார்.

அதை அவர் இரக்கத்தோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த ஆல்பத்துல மொதல்ல வெறுங்கொரலாப் பாடப் போறேனுங்க. வாசிக்கறவங்க பொறவு வந்து எம் பின்னால வாசிச்சுக்கட்டும். அதுக்கு உங்க கம்பெனி வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஒப்பந்தம் நான்கு ஆல்பத்தோடு முடிந்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. வாசல் தாண்டும்போது மனசு ஜிலுஜிலுவென்று இருந்தது. சங்ககிரி வருவதற்குள் அது போய்விட்டது. வேறு கம்பெனி எதையும் எனக்குத் தெரியாது. அதைவிட, வெறுங்குரலில் மைக் முன்னால் நான் பாடியதே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தவளை தன் வாயால கெடும்பாங்க" என்றார். அத்தோடு நிற்காமல் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி முதலாளி ஒருவர் பாட்டுக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார் என்றும் அவர்தான் விசாரித்துச் சொன்னார். கேலி செய்வதும் வேலையை முடித்துக் கொடுப்பதும் அவருக்கு ஒன்றாகத்தான் வரும்.

ரிக் முதலாளியைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. இருபது வருசம் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போட்டவர். அந்தக் கம்ப்ரசர் சத்தம் காதில் பாதியைத் தின்றுவிட்டது. பாட்டுக் கம்பெனி நடத்துகிறவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

"அரக் காதுதானுங்க அக்கா. ஆனா ஸ்பீக்கர் மேல கைய வெச்சாப் பாட்டு நல்லதா இல்லியான்னு தெரிஞ்சுரும். தண்ணி வர்றதுக்கு முன்னால பைப்புல ஒரு நடுக்கம் வரும் பாருங்க, அது மாதிரி."

இந்த முறை சாமி பாட்டு இல்லை, எட்டுப் பாட்டும் வீட்டுப் பாட்டு, ஊர்ப் பேச்சிலேயே எழுதியது என்றேன். சரி என்றார். குரல் முதலில், வாத்தியம் பிறகு என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"பத்து நாள் பாப்போமுங்க. எறங்கறது எறங்கட்டும். தண்ணி வரலீனா பாயிண்ட மாத்திக்குவோம். கீபோர்டுக்காரரு தயாரா இருக்கறாரு, டிராக் போட்டு எப்பவும் போலப் பாடிக்கலாம். என்னுங்க?"

நியாயமான பேச்சு. பத்து நாளில் வெறுங்குரலில் பாடிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பழையபடி டிராக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சேலத்துக்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். "பத்து எதுக்குங்க, அஞ்சு போதும்" என்றேன். என் வாய் அப்படி.

ஸ்டூடியோ அவர் வீட்டு மாடியில் இருந்தது. கட்டுவதில் கஞ்சத்தனம் செய்யவில்லை. சுவரில் பஞ்சு, கதவில் பஞ்சு, கூரையில் பஞ்சு. பாடுகிற அறைக்கும் பதிவு செய்கிற அறைக்கும் நடுவில் தடித்த கண்ணாடி. ஒலிப்பதிவு செய்தவள் சேலம் டவுனில் படித்த பெண், முப்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள். நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினாள்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எச்சில் விழுங்கினால் எனக்கே கேட்டது. வளையல் நகர்ந்தது கேட்டது. பள்ளிபாளையத்தில் தறிக்கு நடுவில் பிறந்து தறிக்கு நடுவில் வளர்ந்து இன்றைக்கும் தறி ஓட்டுகிறவள் நான். எங்கள் தெருவில் கரண்டு போனால்கூட இவ்வளவு அமைதி வராது. அவள் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டினாள். பாடினேன்.

வெளியே வந்து கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எடுப்பு நன்றாக இருந்தது. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் குரல் உள்ளே போய்விடுகிறது. கடைசி வார்த்தை பாதி காணோம். எட்டு வரியிலும் அப்படித்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் முதல் நாள் ஏசியைக் குறை சொன்னேன். இரண்டாம் நாள் மைக்கை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்ட தயிரை. அந்தப் பெண் ஏசியை நிறுத்தினாள், மைக்கை மாற்றினாள், தயிருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நான்காம் நாள் சுருதியை மட்டும் ஹெட்போனில் வைத்துப் பார்த்தாள். சுருதி நின்றது, வார்த்தை நிற்கவில்லை. அப்போதுதான் அவள் முதன்முறையாக நீளமாகப் பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. யாரோ ஒருத்தர் காதுல விழுந்துடக் கூடாதுன்னு பாடுற மாதிரி இருக்கு."

"பாட்டுக்காரி அப்படிப் பாடுவாளா கண்ணு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ரிக் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்குத் தறிச் சத்தத்தைக் கொடுத்தால் என்ன? நான் வீட்டில் இருந்து போனில் பதிந்துகொண்டு போனேன். அதை ஹெட்போனில் ஓட விட்டார்கள். கேட்டதும் உடம்பு தளர்ந்தது, மூச்சு நிறைய வந்தது, ஒரு வார்த்தையை விழுங்காமல் முழுப் பாட்டையும் பாடிவிட்டேன். வெளியே ரிக் முதலாளி ஸ்பீக்கரில் இருந்து கையை எடுத்துவிட்டுத் துள்ளினார்.

"இதானுங்க பாட்டு! ஸ்பீக்கரத் தொடவே வேண்டியதில்ல, எனக்கே காதுல கேக்குது!"

அவருக்கே கேட்கிறது என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கேட்டுப் பார்த்தேன். கத்தியிருக்கிறேன். தாலாட்டு மாதிரி எழுதிய பாட்டைச் சந்தையில் தக்காளி விற்கிற குரலில் பாடியிருக்கிறேன். ஒலிப்பதிவுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அழிக்கச் சொன்னேன்.

ஆறாம் நாள் ஞாயிறு. பூசைக்குப் போனேன், எதுவும் கேட்டுக்கொள்ளாமல் திரும்பி வந்தேன். மாதாவிடம் கோபமாகக்கூட இருந்தேன்.

ஏழாம் நாள் திருச்செங்கோட்டுக்குப் போகவில்லை. காலையில் தறியில் நின்றேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி. நான்கை என் அக்கா ஓட்டுகிறாள், நான்கை நான். எட்டும் ஓடும்போது உள்ளே மனிதக் குரலுக்கு வேலை இல்லை. அதனால் தறியில் நிற்கிறவர்கள் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். சத்தமே போடாமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்தால் போதும், அந்தக் கோடியில் இருக்கிறவளுக்குப் புரிந்துவிடும். பக்கத்து வீட்டு வம்பு முழுவதையும் அப்படித்தான் பேசி முடிப்போம். நான் பாட்டுக் கட்டியதெல்லாம் அங்கேதான். என்ன பாடினாலும் யாருக்கும் கேட்காது. பிடித்த மாதிரி உளறலாம், அழலாம், திட்டலாம், மெட்டை நூறு முறை மாற்றலாம்.

அன்றைக்கும் பாடிக்கொண்டிருந்தேன். அக்கா அறுந்த நூலை முடிந்துகொண்டே என் வாயைப் பார்த்துவிட்டு, உதட்டை அசைத்துச் சொன்னாள்: "ரெண்டாவது அடியில வார்த்தைய மாத்திட்ட. பழசே நல்லா இருந்துச்சு."

அவள் சொன்னது சரி. பழசே நன்றாக இருந்தது. இருபது வருசமாக என் பாட்டு எல்லாவற்றையும் அவள் என் வாயைப் பார்த்தே படித்திருக்கிறாள். பூசையில் பாடுவதைக் கேட்டிருக்கிறாள், அது வேறு. தறியில் கட்டிய இந்தப் பாட்டுகளின் வார்த்தை அத்தனையும் அவளுக்குத் தெரியும், ஒன்றின் மெட்டும் தெரியாது.

வார்த்தை தெரியாத பாட்டும் ஒன்று இருந்தது. அதைப் பாட நினைத்தால் நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொள்வேன். அவள் பார்வைக்கு என் வாய் தெரியாத மாதிரி நின்றுதான் அதைப் பாடுவேன். ஏனென்றால் அது அவளைப் பற்றியது.

அக்காவை ஆட்டையாம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒன்றரை வருசத்தில் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போய்த் தறியில் நின்றாள். இன்று வரை அவ்வளவுதான். அவள் திறக்காத வாயை நான் பாட்டாகத் திறந்துவிட்டேன். அதில் இரண்டு வரி:

தொலைச்ச பூட்டுக்குச் சாவி எதுக்கு,
தொலைஞ்ச ஊட்டுக்கு வழி எதுக்கு.

எட்டில் அதுதான் நல்ல பாட்டு. எனக்குச் சந்தேகமே இல்லை. ஆல்பத்தில் முதலாவதாக வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன், ஐந்து நாளும் ஸ்டூடியோவில் முதலில் எடுத்ததும் அதையேதான். யாரோ ஒருத்தர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று பாடுகிறேன் என்று அந்தப் பெண் சொன்னது அப்போது உறைத்தது. யார் காது என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சு அறையில் சத்தம் இல்லாததால் எனக்குப் பாட்டு வரவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சத்தம் எனக்குத் துணை இல்லை, மறைப்பு. அதை எடுத்துவிட்டால் அக்கா கேட்டுவிடுவாள் என்று என் தொண்டை பயந்து கிடந்திருக்கிறது.

மதியம் தறியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தபோது, "நாளைக்கு எங்கூட ஸ்டூடியோவுக்கு வா" என்றேன்.

"நாலு தறிய ஆரு ஓட்டுவா?"

"ஒரு நாளைக்கு நின்னா ஒன்னும் குடி முழுகாது."

"நா வந்து என்ன பண்றது சாமி? எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்?"

"உன்னையப் பத்தி ஒரு பாட்டு இருக்குது" என்றேன். சொல்லும்போது சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"சொவத்தப் பாத்துட்டுப் பாடுவியே, அதா?" என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எது தெரியாது என்பதும் தெரிந்திருக்கிறது.

எட்டாம் நாள் காலை ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திருச்செங்கோட்டு மலை தெரியும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் வாயைத் திறந்ததும் ரிக் முதலாளி, "வாங்க வாங்க, நம்ம கட்சிதானுங்களே" என்றார். தறியில் நின்றவளுக்கும் ரிக்கில் நின்றவருக்கும் பேசுகிற சத்தத்தை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கத்திப் பேசிக்கொண்டதில் ஒலிப்பதிவுப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்பீக்கருக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நான் உள்ளே போனேன், கதவைச் சாத்தினார்கள். அதே அமைதி. ஹெட்போன் வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்ப உடம்பு தானாக இழுத்தது. திரும்பவில்லை. அவள் கண் என் வாயின் மேல் இருந்தது.

பயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நாற்பத்து நான்கு வயதில், நான்கு ஆல்பம் பாடிய பிறகு, என் சொந்த அக்காவுக்கு ஒரு பாட்டுப் பாடப் பயந்தேன். ஆனாலும் பாடினேன். அவளுக்குப் புரிய வேண்டும் என்பதால் ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் முழுசாக வைத்துப் பாடினேன், தறியில் பேசுவது போல. கத்தவில்லை. பச்சைப் பொட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள் என்ற இடத்தில் அவள் புருவம் சுருங்கியது. நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை போனேன். எந்த வரியும் முடிவில் உள்ளே போகவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஒலிப்பதிவுப் பெண் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். ரிக் முதலாளி ஸ்பீக்கர் மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றார்.

அக்கா எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். பேசுவதற்கு மைக் பட்டனை அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது தேவையும் இல்லை. உதட்டை அசைத்தாள்.

"பொட்டி பச்ச இல்ல சாமி. நீலம்."

சரி என்று தலையாட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் இன்னும் போகவில்லை.

"இன்னொருக்காப் பாடு. பழக்கத்துல உன் வாயவே பாத்துட்டு இருந்துட்டேன். கொரலக் கேக்கவே இல்ல."

திரும்பிப் போய் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். என் வாய் அவளுக்குத் தெரியாது. அவளிடம் போய்ச் சேர இனி என் குரல் ஒன்றுதான் இருந்தது.

நீலப் பொட்டி என்று பாடினேன். பாட்டு முடிந்த பிறகும் அக்கா திரும்பவில்லை. அவள் திரும்பட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டை எடுத்தேன்.